+5:30ஐ புரோகிராம் கோட்டில நேரா எழுதினால் என்ன பிழை?

புறாத்தீவு · 03/06/2025 · 21:14

புறாத் தீவுக்குப் போற படகுகளுக்கு ஒரு முன்பதிவுப் பக்கம். நாட்காட்டியில 14ஐ அமத்தினால் டேட்டாபேஸில 13 விழுது. ஜாவாஸ்கிரிப்ட் டேட் பொருளை டூ-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங் ஆக்கி முதல் 10 எழுத்தை வெட்டி அனுப்புறன். இப்ப அனுப்ப முதல் ஐந்தரை மணித்தியாலம் கூட்டிவிடுறன், 14 சரியா விழுது.

என்ர கட்சி: இலங்கையில கோடைகால நேரமாற்றம் இல்லை. நாடு முழுக்க ஒரே நேரம். நேர வலய லைப்ரரி எல்லாம் அமெரிக்காக்காரனுக்குத்தான் தேவை. +5:30 எண்டு கோட்டில நேரா எழுதினால் காணும். மறுக்கிறவை மறுக்கலாம்.

கொட்டியாரம் · 03/06/2025 · 21:52

கூட்டினால் ஏன் சரிவருகிறது என்று முதலில் பாருங்கள். நாட்காட்டிப் பெட்டி தருவது உள்ளூர் நேரப்படி 14ஆம் திகதி 00:00. டூ-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங் எந்த ஊரில் ஓடினாலும் யூடிசியில்தான் (உலகப் பொது நேரம், நம்முடையதை விட ஐந்தரை மணித்தியாலம் பின்னால்) எழுதும். அங்கே அது 13ஆம் திகதி 18:30. முதல் 10 எழுத்தை வெட்டினால் 13 வராமல் வேறென்ன வரும்?

நாட்காட்டிக்குப் பதிலாக "இப்போது" என்ற நேரத்தை வைத்துச் சோதித்திருந்தால் பிழை கண்ணிலேயே பட்டிருக்காது. விடிய 05:30 கடந்தால் யூடிசி நாளும் நம்முடைய நாளும் ஒன்றுதான். சாமம் 00:00 முதல் 05:29 வரை மட்டும் வேறுபடும். அந்த நேரத்தில் சோதிக்கிறவர்கள் குறைவு, புறாத் தீவுக்கு விடிய 6 மணிப் படகு பிடிக்க அலைபேசியைத் தட்டுகிறவர்கள் உண்டு.

இப்போது உங்கள் கூட்டல். பயணி சிட்னியில் இருந்து பதிவு செய்கிறார் என்று வையுங்கள். அங்கே 14ஆம் திகதி 00:00 என்பது ஜூனில் யூடிசி 13ஆம் திகதி 14:00. ஐந்தரை கூட்டினால் 13ஆம் திகதி 19:30. திரும்பவும் 13! டோக்கியோவும் அப்படியே. பெர்லின், லண்டன், நியூயோர்க் எல்லாம் சரியாக வரும், ஏனென்றால் அவை நமக்கு மேற்கே. கிழக்கே இருக்கிறவனுக்கு மட்டும் படகு ஒரு நாள் முந்திப் போய்விடும்.

இன்னொன்று. கூட்டின பிறகும் அந்த எழுத்தின் கடைசியில் ஆங்கில எழுத்து இசட் நிற்கிறது. இசட் என்றால் "இது யூடிசி" என்ற வாக்குமூலம். பிறகு வருகிற ஒருவர் அதை நம்பி மறுபடி உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் இரண்டு தரம் ஐந்தரை.

படகுத் திகதிக்கு நேரமே கிடையாது, ஆகவே நேர வலயமும் கிடையாது. ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் டேட் பொருளிலிருந்து தனித்தனியாக எடுங்கள் (மாதம் 0இல் தொடங்கும், 1 கூட்டுங்கள்), இரண்டு இலக்கமாக முன்னால் 0 நிரப்புங்கள், நடுவில் சிறு கோடு வைத்து ஒட்டுங்கள். டேட்டாபேஸில் நிரல் வகை வெறும் டேட். திகதியோடு நேரமும் வைக்கிற டைம்ஸ்டாம்ப் வேண்டாம்.

புறாத்தீவு · 03/06/2025 · 22:10

அப்ப பிரவுசரின்ர சொந்த திகதிப் பெட்டியைப் பாவிச்சால்?

கொட்டியாரம் · 03/06/2025 · 22:17

இன்னும் லேசு. அதன் பெறுமதியே "2025-06-14" என்ற எழுத்துத்தான். அப்படியே அனுப்புங்கள். அதைத் தூக்கி டேட் பொருளாக்கினால்தான் வில்லங்கம்: திகதி மட்டும் உள்ள எழுத்தை ஜாவாஸ்கிரிப்ட் யூடிசி என்று வாசிக்கும். பின்னால் ஆங்கில எழுத்து டீயும் 00:00உம் ஒட்டினால் அதே எழுத்தை உள்ளூர் நேரம் என்று வாசிக்கும். இரண்டும் மொழியின் விதிதான். டெம்போரல் என்ற புதிய தொகுதியில் நேரமில்லாத திகதிக்குத் தனி வகை இருக்கிறது. ஃபயர்பொக்ஸ் 139இல் வந்துவிட்டது. எல்லாப் பிரவுசரும் சேரும்வரை மேலே சொன்ன வெட்டி ஒட்டல்தான்.

சீனக்குடா · 04/06/2025 · 07:35

"நாடு முழுக்க ஒரே நேரம்" எண்ட கட்சிக்கு வாறன். இண்டைக்குச் சரி. பழைய திகதிக்குச் சரியில்லை.

1996 மே 25, 00:00க்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி +6:30 ஆக்கினவை. அதே வருசம் ஒக்டோபர் 26, 00:30க்கு அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்து +6:00. 2006 ஏப்ரல் 15, 00:30க்குத்தான் திரும்ப +5:30. அதாவது பத்து வருசத்துக்குக் கிட்ட இலங்கை +5:30இல இல்லை.

இதால வெட்டு விழுற இடம் பிறந்த திகதி. 1998 ஓகஸ்ட் 10 பிறந்த பிள்ளை. பழைய ஜாவா புரோகிராம் அதை உள்ளூர் 00:00 எண்டு எடுத்து, +6:00 கழிச்சு, யூடிசி 9ஆம் திகதி 18:00 எண்டு சேமிச்சிருக்கும். நீங்கள் இப்ப வெறும் 5:30 கூட்டி வாசிச்சால் 9ஆம் திகதி 23:30. பிறந்த நாள் ஒரு நாள் குறையும். 1996 மே 26இல இருந்து 2006 ஏப்ரல் 14 வரை பிறந்த எல்லாருக்கும் இதே கதி. அதுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் பிறந்தவைக்குச் சரியா வரும். அதாலதான் இந்தப் பிழை கனகாலம் ஒளிச்சு இருக்கும்: பத்துப் பேரின்ர பதிவைத் திறந்து பாத்தால் ஆறு பேருக்குச் சரியா இருக்கும்.

ஆசியா/கொழும்பு எண்டு வலயப் பெயரைக் குடுத்தால் லைப்ரரி இந்த மாற்றம் எல்லாத்தையும் தானே பாக்கும்.

சீனக்குடா · 04/06/2025 · 07:51

விட்டுப்போனது: 1996 மே 25இல 00:00 எண்ட நேரமே இல்லை. 23:59:59க்கு அடுத்தது 01:00:00. ஜாவாவின்ர பழைய சிம்பிள்-டேட்-ஃபோர்மட்டை கண்டிப்பு முறையில வைச்சால் (லீனியன்ட்டை ஃபோல்ஸ் ஆக்கி) "1996-05-25 00:00" எண்ட சாதாரண நேரத்தை வாசிக்க மறுத்துப் பிழை எறியும். தளர்வா விட்டால் 01:00 எண்டு எடுக்கும். புது ஜாவா டைமில லோக்கல்-டேட் பாவிச்சால் இந்தக் கேள்வியே எழும்பாது, அதுக்குள்ள நேரம் இல்லை.

மற்றப் பக்கம், 1996 ஒக்டோபர் 26லும் 2006 ஏப்ரல் 15லும் 00:00 தொடக்கம் 00:30 வரை இரண்டு தரம் வந்தது. 2006 ஏப்ரல் 15, 00:15 எண்டு ஒரு பழைய லொக்கில (பதிவுக் கோப்பில) கிடந்தால் எந்த 00:15? பைதனில ஃபோல்ட் எண்ட குறி 0 எண்டால் முதல் தரம், 1 எண்டால் இரண்டாம் தரம். எழுத்தாக்கேக்க பக்கத்தில +06:00 அல்லது +05:30 எண்டு எழுதி வைச்சிருந்தால்தான் பிரிச்சு அறியலாம்.

கொட்டியாரம் · 04/06/2025 · 12:20

சீனக்குடா சொன்னதுக்கு மேலே ஒரு படி. ஆசியா/கொழும்பும் நம்முடைய மாவட்டம் முழுவதற்கும் சரியான விடை இல்லை.

1996 மாற்றத்தை விடுதலைப் புலிகள் ஏற்கவில்லை, அவர்களின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் மணிக்கூடு +5:30இலேயே நின்றது. கொட்டியாரக் குடாவுக்கு இந்தப் பக்கம் திருமலை நகரில் 6 மணி என்றால் அந்தப் பக்கம் சம்பூரில் ஐந்தரை. எல்லாக் கணினிகளும் பாவிக்கிற நேர வலயத் தரவுக் கோப்பின் குறிப்பிலேயே இது இருக்கிறது: தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இருந்தவர்கள் ஆசியா/கொல்கத்தாவைப் பாவிக்கலாம், 1970க்குப் பிறகு இரண்டும் ஒத்துப்போகின்றன என்று.

ஆகவே அந்தப் பத்து வருடத்துப் பதிவுப் புத்தகங்களைக் கணினியில் ஏற்றுகிறவர்கள் "நேரம்" என்று ஒரு நிரல் மட்டும் வைத்தால் போதாது. எழுதியிருந்த நேரத்தை எழுத்தாகவே ஒரு நிரலில் வையுங்கள், எந்த மணிக்கூட்டின்படி என்பதை இன்னொரு நிரலில். யூடிசியாக மாற்றினது மூன்றாவது நிரல், வேண்டுமென்றால். முதலாவதை ஒருபோதும் அழிக்க வேண்டாம். பிறகு வலயம் பிழை என்று தெரிந்தால் திரும்பக் கணக்குப் போட அதுதான் மூலம்.

ஓர்ஸ்ஹில் · 04/06/2025 · 12:48

அதே தரவுக் கோப்பில 1906க்கு முதல் என்ன கிடக்கு பாருங்கோ: மொறட்டுவை சராசரி நேரம், +5:19:32. செக்கன் வரை. 1900ஆம் ஆண்டுப் பிறப்பை டேட் பொருளாக்கி அச்சடிச்சால் பின்னால 19 நிமிடம் 32 செக்கன் தொங்கிறதுக்கு இதுதான் காரணம். வைரஸ் இல்லை.

கிண்ணியாப்பாலம் · 04/06/2025 · 20:05

கொட்டியாரம் நானா, இவ்வளவும் படிச்ச பிறகு கேக்கிறன். மைஎஸ்கியூஎல்லில வலயம் மாத்திற பங்ஷனுக்கு ஆசியா/கொழும்பு குடுத்தால் வெறும் நல் (NULL, வெறுமை) வருது. +05:30 குடுத்தால் வேலை செய்யுது. புறாத்தீவின்ர கட்சிக்கு இது ஒரு வாக்குத்தானே?

கொட்டியாரம் · 04/06/2025 · 20:31

வாக்கு இல்லை தம்பி, வலய அட்டவணைகள் நிரப்பப்படவில்லை. புதிதாக நிறுவின மைஎஸ்கியூஎல்லில் அவை வெறுமையாக இருப்பது வழமை. லினக்ஸ் என்றால் மைஎஸ்கியூஎல்லோடு வருகிற டிஇசட்-இன்ஃபோ-டூ-எஸ்கியூஎல் என்ற கருவிக்கு சோன்இன்ஃபோ கோப்புறையைக் காட்டி, வருகிற வெளியீட்டை மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸுக்குள் ஊற்றுங்கள். பிழை எறியாமல் நல் தருவதுதான் அதில் உள்ள கெட்ட குணம்.

இதே குறைபாடு வேறு இடங்களிலும்: விண்டோஸில் பைதன் சோன்இன்ஃபோவுக்கு டிஇசட்-டேட்டா பொதியைத் தனியாக நிறுவ வேண்டும். அல்பைன் கொண்டெய்னரில் கோ மொழி வலயப் பெயரைத் தேடி "தெரியாத வலயம்" என்று நிற்கும். கோ 1.15இலிருந்து டைம்/டிஇசட்-டேட்டாவை இறக்குமதி செய்தால் தரவு புரோகிராமுக்குள்ளேயே வந்துவிடும், சுமார் 450 கிலோபைட் கூடும்.

ஓர்ஸ்ஹில் · 05/06/2025 · 06:58

இந்தத் தளம் மேலே "05/06/2025" எண்டு போடுது. ஜூன் 5ஓ மே 6ஓ? போன கிழமை வந்தவனுக்குத் தெரியும். கூகிளில தேடி மூண்டு வருசம் கழிச்சு வாறவனுக்கு?

சீனக்குடா · 05/06/2025 · 08:10

13ஆம் திகதி வரை பொறுங்கோ, தெரிஞ்சிடும்.

ஓர்ஸ்ஹில் · 05/06/2025 · 08:22

பகிடி இல்லை, எக்செல் செய்யிறதும் அதுதான். நாள் முதலில் எழுதின சிஎஸ்வி கோப்பை அமெரிக்க அமைப்பில இருக்கிற கணினியில இரட்டைத் தட்டு தட்டித் திறந்து பாருங்கோ. 1 தொடக்கம் 12 வரையான நாட்கள் மாதமா மாறி, உண்மையான திகதியா வலப்பக்கம் ஒட்டி நிக்கும். 12க்கு மேலே மாதம் இல்லாதபடியா அது எழுத்தாவே இடப்பக்கம் ஒட்டி நிக்கும். ஒரே நிரலில சிலது இடம், சிலது வலம் நிண்டால் கோப்பு கெட்டுப் போச்சு எண்டு அர்த்தம். உடனே மூடுங்கோ, சேமிக்க வேண்டாம்.

ஒரு வருசத்தில 144 நாட்கள் இப்பிடி மாறி வாசிக்கப்படும். அதில 01/01, 02/02 மாதிரி 12 நாளுக்குப் பாதிப்பில்லை. மிச்சம் 132 நாள் சத்தமில்லாமல் வேறை நாளாகும். மற்ற 221 நாள் எழுத்தா நிக்கும், அது நல்லது, கண்ணில படும்.

செய்ய வேண்டியது: சிஎஸ்வியில 2025-06-05 எண்டு எழுதுங்கோ. வேறை ஆள் தந்த கோப்பு எண்டால் இரட்டைத் தட்டு தட்டாமல் டேட்டா பட்டியலில போய் இறக்குமதி செய்து, அந்த நிரலுக்கு நாள்-மாதம்-ஆண்டு எண்டு தெரிவு செய்யுங்கோ.

பிஎச்பியும் ஒரு வேடிக்கை. எஸ்டிஆர்-டூ-டைமுக்கு சாய்கோடு போட்டுக் குடுத்தால் அமெரிக்க முறை, சிறு கோடு போட்டால் நாள் முதல். 05/06/2025 எண்டால் மே 6. 05-06-2025 எண்டால் ஜூன் 5. குறி மட்டும்தான் வித்தியாசம்.

கிண்ணியாப்பாலம் · 05/06/2025 · 21:07

ஜாவாவில ஆண்டு-மாதம்-நாள் எண்டு எழுதித்தான் லொக் போடுறன். இப்ப ஓட்டினன், 2025-07-05 எண்டு வருது. ஜூலை எங்கால வந்தது?

சீனக்குடா · 05/06/2025 · 21:15

நடுவில சின்ன எம் இரண்டு போட்டிருக்கிறீங்கள். ஜாவாவில சின்ன எம் நிமிடம், பெரிய எம் மாதம். நீங்கள் ஓட்டினது 21:07. அதால 07, ஜூலை மாதிரித் தெரியுது. 21:45க்கு ஓட்டியிருந்தால் 45ஆம் மாதம் வந்து உடனே பிடிபட்டிருக்கும்.

இந்த இனத்தில இன்னும் மூண்டு இருக்கு, மூண்டும் சோதனையில பாஸாகித்தான் வெளியில வரும்.

பெரிய டி: வருடத்தின் எத்தனையாம் நாள். ஜனவரி முழுக்க சின்ன டியும் பெரிய டியும் ஒரே எண்தான். பெப்ரவரி 1க்கு 32 எண்டு வரும். ஜாவா 8இன்ர டேட்-டைம்-ஃபோர்மேட்டரில பெரிய டி இரண்டு போட்டால் சாதாரண வருசத்தில ஏப்ரல் 9 வரை (99ஆம் நாள்) ஏதோ எண் அடிக்கும், ஏப்ரல் 10க்கு "இரண்டு இலக்கத்துக்கு மேலே" எண்டு பிழை எறிஞ்சு புரோகிராம் விழும். புது வருசத்துக்கு நாலு நாள் இருக்கேக்க.

பெரிய ஒய்: கிழமைக் கணக்கு ஆண்டு. இந்த வருசம் டிசம்பர் 29 திங்கள். ஐஎஸ்ஓ முறைப்படி அந்தக் கிழமை 2026இன் முதலாம் கிழமை. அதால டிசம்பர் 29, 30, 31 மூண்டு நாளும் பெரிய ஒய் நாலு போட்டவைக்கு 2026 டிசம்பர் எண்டு வரும். லோகேல் (மொழி, நாட்டு அமைப்பு) அமெரிக்கா எண்டால் கிழமை ஞாயிறு தொடங்கும், 28இலேயே ஆரம்பம். வருசத்தில மிச்ச நாள் எல்லாம் சரி.

சின்ன எச்: 12 மணிக் கணக்கு. கூடவே முற்பகல்/பிற்பகல் எழுத்து (சின்ன ஏ) போடாட்டி 03:45 விடியவோ பின்னேரமோ எண்டு ஆருக்கும் தெரியாது. 24 மணிக்குப் பெரிய எச்.

சீனக்குடா · 05/06/2025 · 21:34

மொழிக்கு மொழி எழுத்து மாறும், அதையும் எழுதிவிடுறன். சி, பைதன், ரூபி திகதியை எழுத்தாக்கப் பாவிக்கிற ஸ்ட்ரெஃப்டைமில ஜாவாவுக்கு நேர் எதிர்: விகிதக் குறியோட சின்ன எம் மாதம், பெரிய எம் நிமிடம். மைஎஸ்கியூஎல்லில பெரிய எம் மாதத்தின்ர முழுப் பெயர், நிமிடத்துக்கு சின்ன ஐ. பிஎச்பியிலும் நிமிடத்துக்கு சின்ன ஐ. போஸ்ட்கிரெஸில மாதம் எம்எம், நிமிடம் எம்ஐ, அங்க பெரிசு சின்னன் பார்க்காது. போஸ்ட்கிரெஸில மாதப் பெயர் கேட்டால் 9 எழுத்து வரும்வரை வெற்றிடம் நிரப்பித் தரும், முன்னுக்கு எஃப்எம் போட்டால் நிரப்பாது.

கோ மொழியில எழுத்துக் குறியே இல்லை. 2006 ஜனவரி 2, 15:04:05 எண்ட ஒரு மாதிரித் திகதியை உங்களுக்கு வேணும் எண்ட வடிவத்தில எழுதிக் காட்ட வேணும். அமெரிக்க ஒழுங்கில மாதம் 1, நாள் 2, மணி 3, நிமிடம் 4, செக்கன் 5, ஆண்டு 6, வலயம் -7. நாள் முதல் எழுதிற பழக்கத்தில 01/02/2006 எண்டு போட்டால் நாளும் மாதமும் மாறும், பிழை ஒண்டும் சொல்லாது. நமக்கு 02/01/2006.

புறாத்தீவு · 06/06/2025 · 19:40

வலயப் பெயருக்கு மாறிட்டன், படகுத் திகதி வெறும் எழுத்து. சரி. அடுத்தது பற்றுச்சீட்டு. தமிழில அடிக்க வேணும். மாதப் பெயரில முதல் 3 எழுத்தை வெட்டினால் "ஜூன", "மார", "பிப" எண்டு வருது. சனம் சிரிக்குது.

கொட்டியாரம் · 06/06/2025 · 20:26

வெட்டக்கூடாது. கணினிக்கு "ஜூன்" என்பது நான்கு குறி: ஜ, ஊகாரக் குறி, ன, புள்ளி. மூன்றில் வெட்டினால் புள்ளி போய்விடும். "ஏப்ரல்" வெட்டினால் "ஏப்" என்று அழகாக வரும், "அக்டோபர்" "அக்" ஆகும், "டிசம்பர்" "டிச" ஆகும். அதனால் சில மாதங்களில் சோதித்தால் எல்லாம் ஒழுங்கு என்று தோன்றும். சுருக்கப் பெயர்களை லோகேல் தரவிலிருந்தே கேளுங்கள்: ஜன., பிப்., மார்., ஏப். என்று ஆயத்தமாக இருக்கின்றன. ஒற்றை எழுத்துச் சுருக்கம் மட்டும் கேட்க வேண்டாம். ஜூனுக்கும் ஜூலைக்கும் இரண்டுக்கும் "ஜூ" தான்.

அந்தத் தரவு தமிழ்நாட்டு எழுத்துப்படி. பிப்ரவரி, அக்டோபர் என்று வரும். நம்முடைய பள்ளிக்கூடத்திலும் பத்திரிகையிலும் பெப்ரவரி, ஒக்டோபர். லோகேலை தமிழ்-இலங்கை என்று வைத்தாலும் மாதப் பெயர் மாறாது, நேரம் மட்டும் 24 மணி முறைக்கு மாறும். வேண்டுமென்றால் 12 பெயரைக் கொண்ட சொந்தப் பட்டியல் வைத்து அதிலிருந்து எடுங்கள். ஜாவாவில் டேட்-டைம்-ஃபோர்மேட்டர்-பில்டருக்கு மாதப் பெயர் அட்டவணையை நேராகவே கொடுக்கலாம்.

சி மொழியில் எழுதுகிறவர்களுக்கு: ஒரு தமிழ்க் குறி யூடிஎஃப்-8இல் 3 பைட். "செப்டம்பர்" 10 குறி, 30 பைட். "15 செப்டம்பர் 2025" என்பதற்கு முடிவுப் பூச்சியத்தோடு 39 பைட் தேவை. ஆங்கிலத்துக்குப் போதும் என்று 32 வைத்திருந்தால் ஸ்ட்ரெஃப்டைம் 0 திருப்பித் தரும், பஃபருக்குள் என்ன கிடக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்த 0ஐப் பார்க்காமல் அச்சடிக்கிற கோட்தான் உலகத்தில் அதிகம். மே மாதத்தில் ஓடும், செப்டம்பரில் குப்பை அடிக்கும். 128 வையுங்கள், திருப்பின எண்ணையும் பாருங்கள்.

ஓர்ஸ்ஹில் · 06/06/2025 · 20:44

நேரத்துக்கு முற்பகல் பிற்பகல் வேண்டாம், "காலை", "மாலை" வேணும் எண்டால் ஜாவா 16இல இருந்து பெரிய பி எழுத்து இருக்கு. ஆனால் அடிச்சுப் பாத்திட்டுப் போடுங்கோ. தமிழ்த் தரவில 18:00 தொடக்கம் 21:00 வரை "அந்தி மாலை". கொழும்பு பஸ் அந்தி மாலை 7:30க்கு எண்டு சீட்டு அடிச்சால் கவிதை எண்டு நினைப்பினம்.

கிண்ணியாப்பாலம் · 06/06/2025 · 21:02

எண்களையும் தமிழில அடிக்கலாமோ? ௨௦௨௫ எண்டு?

ஓர்ஸ்ஹில் · 06/06/2025 · 21:19

லோகேல் பெயருக்குப் பின்னால யூ-என்யூ-டாம்ல்டெக் (u-nu-tamldec) எண்ட நீட்சியைப் போட்டால் வரும். நாள், மாதம், ஆண்டுக்குக் குறியும் யூனிகோடில இருக்கு: ௳, ௴, ௵. அழைப்பிதழுக்கு நல்லாயிருக்கும். டேட்டாபேஸுக்கு அனுப்புற எழுத்தில மட்டும் வேண்டாம். அதோட, ஃபோர்மேட்டருக்கு லோகேலைச் சொல்லாமல் விட்டால் அந்தந்தக் கணினியின்ர லோகேலை எடுக்கும். உங்கட மடிக்கணினியில தமிழ், சேர்வரில ஆங்கிலம். கோப்புக்கும் ஏபிஐக்கும் போற எழுத்துக்கு எப்பவும் லோகேல் ரூட் எண்டு வெளிப்படையா எழுதுங்கோ. டொட்நெட்டில சாய்கோடுகூட லோகேலுக்கு ஏத்தபடி மாறும், அங்க இன்வேரியன்ட் கல்ச்சர்.

ஜாவா 20இல இருந்து இன்னொரு வில்லங்கம்: ஆங்கில நேரத்தில ஏஎம்/பிஎம்முக்கு முன்னால வாற வெற்றிடம் சாதாரண வெற்றிடம் இல்லை, ஒடுங்கின உடையா வெற்றிடம், யூ+202எஃப். கண்ணுக்கு ஒரே மாதிரி. பழைய எழுத்தை வாசிக்கப் போனால் பிழை எறியும்.

கிண்ணியாப்பாலம் · 07/06/2025 · 10:30

வேறை கேள்வி. அடையாள அட்டை இலக்கத்தில இருந்து பிறந்த திகதி எடுக்கிறன். ஆண்டு நாலு இலக்கம், அடுத்த மூண்டு நாள் எண். பெண் எண்டால் 500 கழிக்கிறன். பைதனில விகிதக் குறி-ஜே (வருடத்தின் எத்தனையாம் நாள்) போட்டு வாசிச்சால் சிலருக்கு ஒரு நாள் கூட வருது. சிலருக்குச் சரி. நேர வலயமோ?

சீனக்குடா · 07/06/2025 · 11:04

வலயம் இல்லை. அடையாள அட்டையில பெப்ரவரிக்கு எப்பவும் 29 நாள் எண்டு வைச்சுத்தான் எண்ணியிருக்கு, நெட்டாண்டோ (லீப் வருசமோ) இல்லையோ. மார்ச் 1 எப்பவும் 061. பைதனுக்கு 2001இல 061ஆம் நாள் மார்ச் 2. அதால சாதாரண ஆண்டில மார்ச் 1இல இருந்து பிறந்தவைக்கு மட்டும் ஒரு நாள் கூடும். ஜனவரி, பெப்ரவரியில பிறந்தவைக்கும் நெட்டாண்டில பிறந்தவைக்கும் சரியா வரும்.

சுருக்கமான வழி: நாள் எண்ணை எப்பவும் 2000ஆம் ஆண்டோட சேர்த்து வாசியுங்கோ, அது நெட்டாண்டு. வாற மாதத்தையும் நாளையும் எடுத்து உண்மையான ஆண்டோட ஒட்டுங்கோ. 060 வந்து ஆண்டு நெட்டாண்டு இல்லையெண்டால் இலக்கம் பிழை. 367க்கும் 500க்கும் இடையில, 866க்கு மேலே வந்தாலும் பிழை.

கொட்டியாரம் · 07/06/2025 · 13:45

2016க்கு முந்திய 9 இலக்க அட்டையும் வரும், ஆண்டு இரண்டு இலக்கம். அதை சின்ன ஒய் கொண்டு வாசிக்க வேண்டாம். 58 என்ற ஆண்டைக் கொடுத்தால் பைதன் 2058 என்று எடுக்கும், அங்கே 69க்குக் கீழே எல்லாம் 2000. எக்செல் 1958 என்று எடுக்கும், அங்கே எல்லை 30. சிம்பிள்-டேட்-ஃபோர்மட் இன்றிலிருந்து 80 வருடம் பின்னும் 20 வருடம் முன்னும் பார்க்கும், ஆகவே 1958. டேட்-டைம்-ஃபோர்மேட்டர் எப்போதும் 2000க்கு மேல், 2058. ஒரே அட்டைக்கு நான்கு கருவி, இரண்டு விடை. "19" என்று எழுத்தாகவே முன்னால் ஒட்டிவிட்டுப் பிறகு வாசியுங்கள்.

புறாத்தீவு · 08/06/2025 · 18:12

இரண்டு இலக்க ஆண்டு எண்டதும் ஞாபகம் வந்தது. படகில பூட்டின பழைய ஜிபிஎஸ் கருவியில இருந்து பயண லொக் எடுக்கிறன். நேரம் சரி, ஆண்டு 2005 எண்டு வருது.

சீனக்குடா · 08/06/2025 · 19:30

ஜிபிஎஸ் கிழமையை 10 பிட்டில எண்ணுது, 1024 கிழமைக்கு ஒருக்கா 0க்குப் போகும். கடைசியா 2019 ஏப்ரலில போனது. பழைய கருவி அதை அறியாமல் 1024 கிழமை, அதாவது 7168 நாள் பின்னுக்கு நிக்கும். வாற திகதியோட 7168 நாள் கூட்டுங்கோ, 2005 ஒக்டோபர் 23 எண்டால் 2025 ஜூன் 8. கருவியின்ர மென்பொருளுக்குப் புதுப்பிப்பு இருந்தால் அதைப் போட்டிட்டுக் கூட்டலை எடுத்துவிடுங்கோ, இல்லாட்டி 2045க்குப் போவீங்கள்.

ஜிபிஎஸ் கருவி அனுப்புற ஆர்எம்சி எண்ட வரியில திகதி நாள்-மாதம்-ஆண்டு, ஆறு இலக்கம், ஒட்டினபடி. நேரம் யூடிசி. இரண்டையும் சேர்த்து ஒரே பொருளாக்கின பிறகுதான் ஆசியா/கொழும்புக்கு மாத்த வேணும். நேரத்தை மட்டும் மாத்தி, திகதியை அப்பிடியே விட்டால் சாமம் 00:00இல இருந்து 05:29 வரை கடலில நிண்ட படகெல்லாம் முதல் நாள் கணக்கில விழும்.

கொட்டியாரம் · 08/06/2025 · 20:03

அதே வரியில் நேரத்துக்கு அடுத்து ஒரு எழுத்து நிற்கும். ஏ என்றால் செய்மதி பிடித்திருக்கிறது. வி என்றால் பிடிக்கவில்லை, அந்த வரியின் திகதியை எடுக்க வேண்டாம். இயந்திரம் போட்ட கையோடு வருகிற முதல் சில வரிகள் பெரும்பாலும் வி தான்.